பீம் வரையத் தெரிந்தவர் எல்லாம் வடிவமைப்பாளர் ஆகிவிட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டடப் பொறியியல் படித்தவர்களுக்கான குறுகிய காலப் பயிற்சிகளைப் பற்றி உங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேலை கிடைக்காமல் அலையும் பிள்ளைகளுக்கு வழி காட்ட வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால், திரையில் தூண்களையும் பீம்களையும் வரைந்துவிட்டால் மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்ற பொருளில் அதில் ஒரு வாக்கியம் இருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால், முப்பது நாளில் டிசைன் இன்ஜினியர் ஆக்குவதாக ஒரு பயிற்சி நிலையத்தின் கால் பக்க விளம்பரம். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் பிள்ளை என்ன நினைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அப்படி நினைத்துக்கொண்டு வந்தவர்கள் கணினியில் உருவாக்கிய கட்டட மாடல்களைத் திருத்துவதே பல வருடங்களாக என் பிழைப்பாக இருந்திருக்கிறது.

கொதிகலன் செய்யும் திருச்சி பெல் ஆலையைச் சுற்றித் துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் இரும்பு வேலைப் பட்டறைகள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றின் வரைபடப் பிரிவில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எங்களிடம் இருந்தவை டிராஃப்டரும் டிரேசிங் பேப்பரும்தான். அமெரிக்கப் பொறியாளர் ஹார்டி கிராஸ் 1930இல் வெளியிட்ட மொமெண்ட் பங்கீட்டு முறையில் (மொமெண்ட் என்பது உறுப்பை வளைக்கும் திருப்பம்), தாளை அகலவாக்கில் வைத்துக்கொண்டு சட்டகங்களைக் கையால் தீர்ப்போம். பிறகு கணினி வந்தது, கட்டமைப்பைக் கணக்கிடும் ஸ்டாட் புரோ மென்பொருள் வந்தது, நானும் கற்றுக்கொண்டேன். கணினியைக் கண்டு மிரளும் பழைய தலைமுறை என்று என்னை ஒதுக்கிவிட வேண்டாம். எனக்கு இந்த மென்பொருள்கள் பிடிக்கும். அவை செய்யும் வேலையைக் கையால் செய்து பார்த்தவளுக்கு அவற்றின் மேல் மரியாதை இருக்கத்தானே செய்யும்?

வாசகர்களுக்காக, பீம் எலிமெண்ட் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திரையில் தெரிவது இரண்டு முனைகளை இணைக்கும் ஒரு கோடு. முனைகளை நோடு என்பார்கள். ஒவ்வொரு முனையும் மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளைச் சுற்றித் திரும்பலாம். ஆக இரண்டு முனைகளுக்கும் சேர்த்து 12 அசைவுகள். எந்த அசைவுக்கு எவ்வளவு விசை என்பதைச் சொல்லும் 144 எண்கள் அந்த ஒற்றைக் கோட்டுக்குள் ஒளிந்திருக்கின்றன. போயிங் விமான நிறுவனத்தோடு தொடர்புடைய டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வர் 1956இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கட்டமைப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் இந்தத் துறைக்கு அடித்தளங்களில் ஒன்று. ஃபைனைட் எலிமெண்ட் என்ற பெயரை 1960இல் வைத்தவர் அந்த நால்வரில் ஒருவரான ரே கிளஃப். இந்த முறையை அவர்கள் விமான இறக்கைக்காக யோசித்தார்கள், இன்று நாம் மாட்டுக்கொட்டகைக்கும் பயன்படுத்துகிறோம். அதில் தவறில்லை. மாட்டுக்கொட்டகையும் விழக்கூடாது.

கோடு வரைய ஒரு நொடி போதும். ஆனால் அந்தக் கோட்டுக்கு மேல் எது, கீழ் எது என்று யார் சொல்வது? ஒரு மர அளவுகோலை இரண்டு புத்தகங்களின் மேல் படுக்கவைத்து அழுத்துங்கள், வளையும். அதையே விளிம்பில் நிற்கவைத்து அழுத்துங்கள், அசையாது. பொருள் ஒன்றுதான், நீளம் ஒன்றுதான், நிற்கும் விதம்தான் வேறு. நம் ஊரில் மிகச் சாதாரணமாகப் பயன்படும் ஐஎஸ்எம்பி 300 என்ற எஃகு உத்தரத்தை எடுத்துக்கொள்வோம். வளைவை எதிர்க்கும் அதன் நிலைமத் திருப்புத்திறன், நிற்கவைத்தால் ஏறக்குறைய 8,600 என்றும் படுக்கவைத்தால் 454 என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கையேட்டில் இருக்கிறது. அலகு, சென்டிமீட்டரின் நான்காம் அடுக்கு. இரண்டுக்கும் 19 மடங்கு வித்தியாசம்.

இதை 6 மீட்டர் இடைவெளியில் வைத்து, மீட்டருக்கு 10 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒரு டன், பரவலாகச் சுமையேற்றினால் நடுவில் 10 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தொய்யும். தகைவு, அதாவது எஃகின் உள்ளே ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் ஏறும் விசை, 80 நியூட்டனைத் தொடாது. கவலையே இல்லை. அதே கோட்டை மாடலில் 90 டிகிரி திரும்பிய நிலையில் விட்டுவிட்டால் தொய்வு 186 மில்லிமீட்டர், தகைவு 690க்கு மேல். சாதாரண எஃகு 250இல் நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். கோடாகப் பார்க்கும்போது இரண்டு மாடல்களும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும்.

இவ்வளவு பெரிய பிழை என்றால் கண்ணில் படாதா என்று கேட்பீர்கள். பீமில் பட்டுவிடும். தூணில்தான் பதுங்கிக்கொள்ளும். ஸ்டாட் புரோவில் வழக்கமாக ஒய் அச்சு மேல்நோக்கி இருக்கும், எக்ஸும் இசட்டும் தரைமட்டத்தில் இருக்கும். செங்குத்தான உறுப்பு ஒன்றுக்கு நாம் பீட்டா கோணம் (உறுப்பைத் தன் நீளவாட்டு அச்சைச் சுற்றித் திருப்பும் கோணம்) எதுவும் கொடுக்காவிட்டால், எக்ஸ் திசையில் வரும் தள்ளலை அது தன் வலுவான பக்கத்தால் எதிர்க்கும்படி நிற்கும். தொழிற்கூடத்தின் சட்டகங்களை எக்ஸ் திசையில் அமைத்திருந்தால் தப்பித்தோம். மனை வரைபடத்தைப் பார்த்தபடியே இசட் திசையில் அமைத்திருந்தால், கொட்டகையின் அத்தனை தூண்களும் பலவீனமான பக்கத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். அப்போது மென்பொருள் தூண் போதவில்லை என்று சொல்லும். பையன் அடுத்த பெரிய அளவைப் போடுவான், அதுவும் போதாது, அதற்கும் அடுத்தது. கடைசியில் எல்லாம் பச்சையாகிவிடும். கொட்டகை விழாது, உண்மைதான். ஆனால் உரிமையாளர் டன் கணக்கில் கூடுதல் எஃகுக்குப் பணம் கொடுத்திருப்பார். அதைவிட மோசம், களத்தில் தூணை நிறுத்தும் மேஸ்திரி தன் அனுபவத்தால் சரியான பக்கமாகத் திருப்பி நிறுத்திவிடுவார். மாடலும் கட்டடமும் வெவ்வேறாகிவிடும், அது யாருக்கும் தெரியவும் தெரியாது.

கோட்டை அதன் உண்மையான வடிவத்தில், தடிமனோடு, முப்பரிமாணத்தில் காட்டும் வசதி எல்லா மென்பொருளிலும் உண்டு. அதை ஒருமுறை திருப்பிப் பார்க்க அரை நிமிடம் ஆகும். சாய்கூரையில் கூரைத் தகடுகளைத் தாங்கும் பர்லின் சேனல் செங்குத்தாக நிற்கிறதா, கூரையின் சாய்வோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

அடுத்து பீமின் நுனிகள். இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை, பல வகுப்புகளும் சொல்வதில்லை. இரண்டு கோடுகள் ஒரு நோடில் சேர்ந்தால், அவை அசையாமல் பற்றவைக்கப்பட்டவை என்றே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். திருப்பம் முழுவதும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தப்படும். பட்டறையில் நாங்கள் செய்வதோ பெரும்பாலும் இரண்டு ஆங்கிள் துண்டுகளை வைத்துச் சில போல்ட்டுகளால் முடுக்கும் கிளீட் இணைப்பு. அது பீமைத் தாங்கும், ஆனால் அதன் நுனி லேசாகத் திரும்புவதைத் தடுக்காது. மேலே சொன்ன அதே 6 மீட்டர் பீமில் கணக்குப் போடுங்கள். நுனிகள் திரும்பக்கூடியவை என்றால் நடுவில் மொமெண்ட் 45 கிலோநியூட்டன் மீட்டர். முழுக்க இறுக்கமானவை என்றால் நுனிகளில் 30, நடுவில் வெறும் 15. நுனி திரும்பலாம் என்று மென்பொருளுக்குச் சொல்லும் ரிலீஸைக் கொடுக்காத மாடல் 30க்கு வடிவமைத்துவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்திருக்கும், உண்மையான பீம் 45ஐச் சுமக்கும். தூணின் தலைக்கோ, வரவே வராத ஒரு மொமெண்டுக்காக வீணாக எஃகு சேர்ந்திருக்கும்.

சரி என்று எல்லா நுனிகளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ரிலீஸ் கொடுத்தால்? தூணின் அடியும் கீல் இணைப்பாக இருந்து, சாய்வாகப் பிடிக்கும் பிரேசிங்கும் இல்லாமல் போனால், சட்டகம் நிற்கவே நிற்காது. நிலையற்ற அமைப்பு என்று மென்பொருள் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் விடைப் பக்கத்துக்குத் தாவுவோர் இருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். நல்ல பிள்ளை, பாலிடெக்னிக் முடித்து இதுபோன்ற ஒரு பயிற்சிக்கும் போய் வந்தவன். ஒருநாள் மடிக்கணினியோடு வந்தான். மணச்சநல்லூர் பக்கம் ஓர் அரிசி ஆலையில் இயந்திரங்களை ஏற்றிவைக்க ஓர் இரும்பு மேடை. அவன் வேலை பார்க்கும் சிறிய அலுவலகம் அதை அவனிடம் கொடுத்திருந்தது.

“அத்தை, எல்லாம் பாஸ் ஆகிவிட்டது. கையெழுத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை பாருங்கள்” என்றான்.

மேடையின் நடுவே ஒரு பெரிய முதன்மை பீம். அதற்குக் குறுக்கே, ஒரு சுவரோரத்திலிருந்து மறு சுவரோரம் வரை 9 மீட்டருக்கு வரிசையாகத் துணை பீம்கள். துணை பீம்கள் பருமனாக இருந்தன. அவற்றைச் சுமக்க வேண்டிய முதன்மை பீமோ அவற்றைவிட மெலிந்திருந்தது.

“இது ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது?”

“முதலில் பெரிதாகத்தான் போட்டேன் அத்தை. அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது பயன்படுத்தவில்லை என்று வந்தது. வீணாக எதற்கு என்று குறைத்துவிட்டேன். அப்போதும் பாஸ்.”

அவன் குறைத்ததில் ஒரு நியாயம் இருந்தது, கணினி காட்டியதும் அதுதான். கோளாறு வேறிடத்தில் இருந்தது. துணை பீமை ஒரு சுவரோர முனையில் தொடங்கி மறு முனையில் முடித்திருந்தான். திரையில் அது முதன்மை பீமைக் கடந்து போனது. கடந்து போனதே தவிர இணையவில்லை. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நோடு இல்லை. நோடு இல்லையென்றால் மாடலைப் பொறுத்தவரை ஒன்று இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. துணை பீம்கள் 9 மீட்டரையும் தாங்களே தாண்டின. முதன்மை பீம் தன் சொந்த எடையை மட்டும் சுமந்துகொண்டு ஓய்வாக இருந்தது. நிஜ மேடையில் இரண்டும் கிளீட் வைத்து இணைக்கப்படும். சுமையெல்லாம், சுமையே இல்லை என்று சொல்லி மெலியவைத்த அந்த பீமின் மேல்தான் இறங்கும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மாடலைச் சரிபார்க்க எல்லோரும் முதலில் சொல்லித்தரும் வழி, தாங்கிகளில் வரும் எதிர்விசைகளைக் கூட்டி, நாம் ஏற்றிய சுமையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. நல்ல வழிதான், நானும் செய்வேன். ஆனால் இந்தப் பிழையை அது காட்டாது. எந்த வழியாகப் போனாலும் சுமை கடைசியில் தரைக்குத்தான் வருகிறது, கூட்டுத்தொகை சரியாகவே இருக்கும். காட்டிக்கொடுத்தது தொய்வுப் படம். ஒரே இடத்தில் துணை பீம் நன்றாகக் கீழே இறங்கியிருந்தது, அதைத் தாங்க வேண்டிய முதன்மை பீம் நகராமல் இருந்தது. ஒன்றை ஒன்று ஊடுருவிக்கொண்டு எஃகு இறங்குமா? வெட்டிக்கொள்ளும் உறுப்புகளைத் தேடிப் பிடித்து அங்கே நோடு போட்டுப் பிரிக்கும் கட்டளை அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. எதனுடனும் சேராத நோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த உறுப்புகள், தனித் தீவாகக் கிடக்கும் பகுதிகள் ஆகியவற்றைக் கண்டுபிடிக்கவும் கட்டளைகள் உண்டு. பயிற்சியில் அவற்றை யாரும் அவனுக்குக் காட்டவில்லை. பீமை எப்படி நகல் எடுத்து வரிசையாக அடுக்குவது என்று மட்டும் மிக நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

எஃகு வாங்குவதற்கு முன்பே இது திருத்தப்பட்டுவிட்டது. ஆலை உரிமையாளர் கேட்ட ஒரே கேள்வி, மொத்தத்தில் எத்தனை டன் குறையும் என்பது. குறையத்தான் செய்தது. 9 மீட்டர் என்று எண்ணியிருந்த துணை பீம்கள் 4.5 மீட்டர் ஆகிவிட்டால் மொமெண்ட் கால் பங்காகிவிடும் அல்லவா?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. புதிதாக வரைவதைவிட, வரைந்ததைத் திருத்துவதில்தான் ஆபத்து அதிகம் என்று நான் எப்போதும் சொல்வேன். வரையும்போது மனம் விழிப்போடு இருக்கும். திருத்தும்போது, எல்லாம் முன்பே சரிபார்த்ததுதானே என்று அசந்துவிடும்.

உதாரணமாக, ஒரு பீமின் நடுவில் நோடு செருகி இரண்டாகப் பிரிக்கிறோம். அங்கே ஒரு சுமை தொங்கவேண்டியிருக்கலாம், அல்லது தொய்வு எவ்வளவு என்று பார்க்கும் ஆசையாக இருக்கலாம். விசைக் கணக்கு மாறாது. ஆனால் வடிவமைப்புப் பகுதிக்குப் போகும்போது, நாம் தனியாகச் சொல்லாவிட்டால், ஒவ்வொரு துண்டின் நீளத்தையே மென்பொருள் பக்கவாட்டுப் பிடிப்பில்லாத நீளமாக எடுத்துக்கொள்ளும். 6 மீட்டர் உறுப்பு அதன் கணக்கில் இரண்டு 3 மீட்டர் உறுப்புகள். அழுத்தத்தில் இருக்கும் மெல்லிய உறுப்பு எந்தச் சுமையில் பக்கவாட்டில் நெளியும் என்பது நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார். நீளம் பாதியானால் தாங்குதிறன் நான்கு மடங்கு. களத்தில் அந்த இடத்தில் ஒரு கம்பிகூடப் பிடித்திருக்காது, திரையில் ஒரு புள்ளி வைத்ததால் உறுப்புக்கு நான்கு மடங்கு பலம் வந்துவிடும். நன்றாக இருக்கிறதே, எஃகே வேண்டாம், புள்ளி வைத்தே கட்டிவிடலாம்.

இது வெறும் கற்பனை பயம் இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்ட் நகரத்து உள்விளையாட்டு அரங்கின் கூரை, 300 அடிக்கு 360 அடி பரப்புள்ள எஃகுச் சட்டகம், 1978 ஜனவரி 18ஆம் தேதி அதிகாலையில் பனிச்சுமையில் இடிந்து தரையில் விழுந்தது. சில மணி நேரத்துக்கு முன்புவரை அங்கே கூடைப்பந்துப் போட்டி நடந்திருக்கிறது, ஏறக்குறைய 5,000 பேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். விழுந்தபோது உள்ளே யாரும் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. கணினியில் ஆராய்ந்து வடிவமைத்த கூரை அது. மேல் அடுக்கிலிருந்த அழுத்த உறுப்புகள் 15 அடிக்கு ஒருமுறை பிடிக்கப்பட்டிருப்பதாக வடிவமைப்பில் எடுத்துக்கொண்டார்கள். கூரையின் ஓரத்து உறுப்புகளுக்கு உண்மையில் 30 அடிக்கு ஒருமுறைதான் பிடிப்பு இருந்தது. நீளம் இரட்டிப்பானால் தாங்குதிறன் கால் பங்கு, மேலே சொன்ன அதே கணக்குதான். இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. கட்டும்போதே கூரையின் தொய்வு, கணினி சொன்னதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்திருக்கிறது. அளந்து சொன்னார்கள். அப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்ததாம். எஃகு தன் வாயால் சொன்னதை நம்பாமல் தாளில் அச்சானதை நம்பினார்கள்.

மேடைக்கே திரும்புவோம். நெல்லைச் சலிக்கும் இயந்திரங்கள் அதிரும். அதிர்வைக் கணக்கிடும்போது, எடையை நோடுகளில் திரட்டி வைத்துக் கணக்கிடுவது ஸ்டாட் போன்ற மென்பொருள்களின் வழக்கம். பீம் ஒரே துண்டாக இருந்தால் அதன் எடை முழுவதும் இரண்டு தாங்கிகளின் மேல் போய் உட்கார்ந்துவிடும். நடுவில் அதிர எதுவுமே மிஞ்சாது. அப்போது மட்டும் பீமை ஆறு அல்லது எட்டுத் துண்டுகளாகப் பிரித்தே ஆக வேண்டும். அப்படிப் பிரித்துப் பார்த்தால், நம் 6 மீட்டர் ஐஎஸ்எம்பி 300, மீட்டருக்கு ஒரு டன் என்ற அந்தச் சுமையோடு நொடிக்கு ஏறக்குறைய 5.7 முறை அதிரும் என்று வரும், அதாவது நிமிடத்துக்கு 340. அந்த வேகத்தை ஒட்டி ஓடும் எந்த இயந்திரமும் மேடையை ஆட்டிவைக்கும். ஆக, பீமைப் பிரிப்பது ஓரிடத்தில் கட்டாயம், இன்னோரிடத்தில் ஆபத்து. எங்கே எது என்று சொல்ல மென்பொருளில் பொத்தான் கிடையாது.

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் படத்தை அப்படியே இழுத்துவந்தால் வரும் தொல்லைகளும் இருக்கின்றன. மில்லிமீட்டரில் வரைந்ததை மீட்டராக எடுத்துக்கொண்டால் 6 மீட்டர் பீம் 6 கிலோமீட்டர் ஆகும். அது சிரித்துவிட்டுத் திருத்திவிடக்கூடிய பிழை. ஒரு மில்லிமீட்டர் விலகிய இரண்டு நோடுகள்தான் சிரிக்கவிடாது. திரையில் ஒன்றாகத் தெரியும், கணக்கில் இரண்டு. ஸ்டாட் புரோவில் செய்த மாடலை எஸ்ஏபி 2000 என்ற இன்னொரு மென்பொருளுக்கு மாற்றும்போது, அதில் இசட் அச்சுதான் மேல்நோக்கி இருக்கும் என்பதை மறந்துவிட்டால், புவியீர்ப்பு கட்டடத்தைப் பக்கவாட்டில் இழுக்கும்.

எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த கொதிகலனையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய மின்நிலையக் கொதிகலன் தரையில் நிற்பதில்லை, உச்சியிலுள்ள கர்டர்களிலிருந்து தொங்குகிறது. 50 மீட்டர் எஃகு 300 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 180 மில்லிமீட்டர் நீளும். கீழ்நோக்கித் தாராளமாக நீளட்டும் என்றே தொங்கவிடுகிறார்கள். அந்தத் தொங்கு கம்பிகளை மாடலில் பீமாகப் போட்டால், வளைவைத் தாங்காத கம்பி தாங்குவதாகக் கணக்கு வரும். இழுவிசையை மட்டும் ஏற்கும் உறுப்பாகப் போட வேண்டும். பல மீட்டர் ஆழமுள்ள அந்த உச்சிக் கர்டர்களுக்கோ, வளைவோடு ஷியர் (வெட்டு) விசையால் வரும் தொய்வையும் சேர்க்க வேண்டும், டிமோஷென்கோ பீம் என்பது அதற்காகத்தான். இவையெல்லாம் திரையில் ஒரே மாதிரியான கோடுகள்.

1970இல் எஸ்ஏபி நிரலின் முதல் வடிவத்தை வெளியிட்ட பெர்க்லி பேராசிரியர் எட்வர்ட் வில்சன், இந்த நிரலுக்கு அறிவு கிடையாது என்றும், கட்டமைப்பைச் சரியாக உருவகித்து விடைகளுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் பொறியாளரே என்றும் அப்போதே எழுதிவைத்தார். செய்தவரே சொன்னது அது. விற்பவர்கள்தான் வேறு மாதிரி சொல்கிறார்கள்.

பயிற்சி நிலையங்களை மூடச் சொல்லவில்லை. கல்லூரிகளில் கற்றுத்தராததை அவை கற்றுத்தருகின்றன, அதை ஒப்புக்கொள்கிறேன். என் வருத்தம் வரிசையைப் பற்றியது. முதல் நாளே மூன்று மாடிக் கட்டடத்தை வரையவைக்கிறார்கள், மாணவனுக்குப் பெருமிதம் வந்துவிடுகிறது. முதல் வாரம் முழுவதும் ஒரே ஒரு பீம் போதும். அதன் விடையைத் தாளில் எழுதிவிட்டுத்தான் கணினியைத் தொட வேண்டும். பிறகு அதைத் திருப்பிப் போடட்டும், நுனியை அவிழ்க்கட்டும், நடுவில் வெட்டட்டும், ஒவ்வொரு முறையும் எண் ஏன் மாறியது, அல்லது ஏன் மாறவில்லை என்று வாய்விட்டுச் சொல்லட்டும். அதன் பிறகு பத்து மாடி வரைந்தாலும் எனக்குக் கவலையில்லை.

பணம் கட்டப்போகும் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்வதற்கு முன் அந்த நிலையத்தில் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்: நீங்கள் தரும் மாடலில் வேண்டுமென்றே பிழை வைத்து, அதை எங்களைக் கண்டுபிடிக்கச் சொல்வீர்களா? ஆம் என்றால் தயங்காமல் சேருங்கள்.

இன்னொன்று, இது அதிகாரிகளின் காதில் விழ வேண்டியது. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில், பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளருக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் நான் பார்த்தவரை கையெழுத்துக்கு வருவது கணினி கக்கிய நூற்றுக்கணக்கான பக்கங்கள். அதை யாராலும் படிக்க முடியாது, படிக்கப்படக் கூடாது என்பதற்காகவே அத்தனை பக்கமோ என்றுகூடத் தோன்றும். எனக்குத் தேவை இரண்டே பக்கம்: எந்த இணைப்பு இறுக்கம், எது கீல், எந்த உறுப்பு எங்கே பக்கவாட்டில் பிடிக்கப்பட்டிருக்கிறது, எவற்றுக்குக் கோணம் கொடுத்திருக்கிறது, பெரிய பீம் ஒன்றின் கைக்கணக்கு. இந்த இரண்டு பக்கம் இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்பலாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும், பயிற்சி நிலையங்கள் தாமாகவே பாடத்திட்டத்தை மாற்றிக்கொள்ளும்.

ஆசிரியர் அவர்களே, கல்வி இணைப்பில் ராசிபலனுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியை மாதம் ஒருமுறை கொடுங்கள். பிழையுள்ள ஒரு சிறிய மாடலைப் படத்தோடு வெளியிடுவோம், விடை அடுத்த மாதம். முதல் புதிராக அந்த அரிசி ஆலை மேடையையே போடலாம், பையனிடம் அனுமதி வாங்கிவிட்டேன். எழுதித்தர நான் தயார், ஊதியம் வேண்டாம். இந்தக் கடிதத்தை இடமில்லை என்று சுருக்கினால் என்னைப் பற்றிய பத்தியை எடுத்துவிடுங்கள், எண்களில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டமைப்பு வடிவமைப்புச் சரிபார்ப்பாளர்,
திருவெறும்பூர், திருச்சி மாவட்டம்.